மூடியைத் திருகும் முன்...

போன தை மாதம் குடவாசலில் ஒரு கல்யாணம். கும்பகோணத்தில் பஸ் ஏறி, நாச்சியார்கோவில் தாண்டி, இரண்டு பக்கமும் அறுவடைக்கு நிற்கிற வயல்களைப் பார்த்தபடி போய் இறங்கினேன். பந்தியில் உட்கார்ந்தேன். இலை விழுந்தது. உப்பு, ஊறுகாய் வருவதற்கு முன்பே இலைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி பிளாஸ்டிக் பாட்டில் வந்து உட்கார்ந்தது.

எடுத்துப் பார்த்தேன். லேபிளில் ஒரு பனிமலை! வெண்ணாறும் அரசலாறும் குடமுருட்டியும் ஓடுகிற பூமியில், இமயமலைக்கு என்ன வேலை? மலைக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'மினரல் வாட்டர்'. பின்னால் திருப்பினேன். தயாரித்த தேதி? இல்லை. பேட்ச் நம்பர்? இல்லை. லைசென்ஸ் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் மணமக்களின் பெயர் அச்சாகியிருந்தது.

பரிமாறிக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் பையனிடம் கேட்டேன். "தேதியே போடலையேப்பா?"

"கல்யாணத்துல யாரு சார் தேதி பார்ப்பாங்க? நேத்துதான் சார் வந்துச்சு. குடிங்க சார், நல்ல தண்ணிதான்" என்றான்.

பக்கத்து இலைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எதிர் வரிசையில் ஒரு குழந்தை அந்த பாட்டிலை இரண்டு மடக்கு குடித்துவிட்டுக் கீழே உருட்டிவிட்டது. பந்தி முடிந்து எழுந்தபோது பாதி குடித்த பாட்டில்கள் எச்சில் இலையோடு சேர்ந்து கூடைக்குள் போயின. அந்த 'நல்ல தண்ணி'யை நானும் குடித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். விக்கல் எடுத்தது. வேறு தண்ணீர் இல்லை.

குடவாசலுக்கும் தண்ணீருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. கருடன் அமிர்த கலசம் கொண்டுவந்தபோது குடத்தின் வாய்ப்பகுதி விழுந்த இடம் இது, அதனால்தான் 'குடவாயில்' என்று பெயர் வந்தது என்று தலபுராணம் சொல்வார்கள். கோணேஸ்வரர் கோயிலின் தீர்த்தத்துக்கே அமிர்த தீர்த்தம் என்றுதான் பெயர். அது புராணம். இன்னொன்று சங்க காலத்துச் சேதி. சோழன் செங்கணானிடம் போரில் தோற்றுப் பிடிபட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறை கிடந்தது இந்தக் குடவாயிற் கோட்டத்தில்தான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். உடனே வரவில்லை. பிறகு வந்தது. கையில் வாங்கியவன் குடிக்கவில்லை. ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு உயிரை விட்டான் என்கிறது புறநானூறு 74-ம் பாட்டின் குறிப்பு.

தண்ணீரைக் கொடுத்த விதம் சரியில்லை என்பதற்காக ஒரு ராஜா உயிரையே விட்ட ஊரில், தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எப்போது பிடித்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் மூடியைத் திருகுகிறோம். அதுவும் காசு கொடுத்து!

கல்யாணம் முடிந்து அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. மாமாவின் குடும்ப பென்ஷனில் ஓடுகிற வீடு. கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட அதே மரியாதையோடு, ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்த இருபது லிட்டர் கேன்.

"குழாயில தண்ணி வரலையா அத்தை?"

"வருதே. அது பாத்திரம் தேய்க்க, துணி அலசத்தான் தம்பி. குடிக்க முடியுமா? அன்னிக்கு ஒரு பையன் வந்து கண்ணு முன்னாடியே காட்டினான். அப்பப்பா... அந்த அழுக்கையா இத்தனை வருஷம் குடிச்சோம்னு குமட்டிட்டு வந்துச்சு!"

அந்தப் பையன் என்ன காட்டினான் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பான், டை கட்டிக்கொண்டு. இரண்டு டம்ளர். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் மெஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு, ஸ்விட்சைத் தட்டுவான். இரண்டு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் சாக்கடை மாதிரி செம்பழுப்பாக மாறும். அவன் தண்ணீர் பளிங்கு மாதிரி அப்படியே இருக்கும். "இதைத்தாம்மா உங்க பேரப்பிள்ளைங்க குடிக்குது" என்பான். அதற்குமேல் அவன் பேசவே வேண்டாம்.

இது சுத்தமான மோசடி சார்! அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. அவன் உள்ளே விட்ட இரும்புக் கம்பி மின்சாரத்தில் கரைந்து வந்த துரு. தண்ணீரில் கொஞ்சம் உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பை எல்லாம் எடுத்துவிட்டதால் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. இதற்கும் கிருமிக்கும், விஷத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பள்ளிக்கூடத்து மின்னாற்பகுப்புப் பாடத்தை வைத்து வீடு வீடாகப் பயம் விற்கிறார்கள்.

அத்தையிடம் விளக்கினேன். நம்பவில்லை. சரி என்று இரண்டு இரும்பு ஆணி, ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒயர் வாங்கி வந்தேன். அவருடைய கேன் தண்ணீரையே ஒரு டம்ளரில் பிடித்து ஆணிகளை விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா!" என்றார். பிறகு சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் புனிதமான கேன் தண்ணீர் கலங்கி, துருப்பிடித்து நின்றது. அத்தை என்னைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். "அப்போ அந்தப் பையன்..." என்று ஆரம்பித்துப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

அன்றைக்கு அந்த மெஷினை வாங்க அத்தையிடம் பணம் இல்லை. ஆனால் பயம் மட்டும் தங்கிவிட்டது. அந்தப் பயத்தைப் போக்க வந்ததுதான் கேன். ஒன்று 35 ரூபாய், இரண்டு நாளைக்கு ஒன்று. மாதம் 525. வருஷத்துக்கு 6,300 ரூபாய். பென்ஷன் காசு! சரி, அந்தக் கேனிலாவது ஏதாவது எழுதியிருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நீல நிற பிளாஸ்டிக்கில் நிறைய கீறல்கள். மூடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. ஒரு செல்போன் நம்பர். அவ்வளவுதான்.

இப்போது என் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தப்பாக இருந்தால் சண்டைக்கு வாருங்கள்.

முதல் பொய், பெயர். நாம் 'மினரல் வாட்டர்' என்று கூப்பிடுவதில் பெரும்பாலானவை மினரல் வாட்டரே அல்ல. இந்தியத் தரக்கட்டுப்பாட்டில் இது இரண்டு தனித்தனி ஜாதி. இயற்கை ஊற்றிலிருந்து, அதன் தாதுக்களோடு அப்படியே பிடித்து அடைப்பது 'நேச்சுரல் மினரல் வாட்டர்'. அதற்கான தர எண் ஐ.எஸ். 13428. போர் போட்டு எடுத்து, வடிகட்டி, ஆர்.ஓ.வில் விட்டு, ஓசோனோ புற ஊதாக் கதிரோ காட்டி அடைப்பது 'பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்'. அதன் எண் ஐ.எஸ். 14543. கடையில் நீங்கள் வாங்குகிற பாட்டில், வீட்டுக்கு வருகிற கேன் எல்லாமே அநேகமாக இந்த இரண்டாவது ஜாதி. ஆர்.ஓ. முதல் காரியமாகச் செய்வது தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியம் போன்றவற்றை வெளியே தள்ளுவதுதான். மினரலை உருவி எடுத்துவிட்டு விற்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் மினரல் வாட்டர்!

இரண்டாவது பொய், 'சுத்தம்'. 2003 பிப்ரவரியில் டெல்லியிலுள்ள சி.எஸ்.இ. என்ற அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், டெல்லியிலும் மும்பையிலும் விற்ற பாட்டில் தண்ணீரைச் சோதித்து வெளியிட்டபோது நாடே அதிர்ந்தது ஞாபகம் இருக்கிறதா? லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ்... வயலில் அடிக்கிற பூச்சிமருந்துகளெல்லாம் பாட்டிலில் இருந்தன. பெரிய பெரிய கம்பெனிகளின் பாட்டில்கள். ஐரோப்பிய அளவுகோலைப் பல மடங்கு தாண்டியிருந்தன. எப்படி? கம்பெனிகள் நிலத்தடி நீரைத்தான் எடுத்தன. அந்த நிலத்தின் மேலே அடித்ததெல்லாம் கீழே இறங்கியிருந்தது.

இதைவிட வேடிக்கை, அந்தத் தண்ணீர் எல்லாம் அப்போதைய விதிப்படி பாஸ்! 'பூச்சிமருந்து கண்டுபிடிக்கக்கூடிய அளவில் இருக்கக் கூடாது' என்று விதி சொன்னது. ஆனால் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்த முறையோ, நுண்ணிய அளவைக் கண்டுபிடிக்கவே லாயக்கில்லாதது. கண் தெரியாதவரைக் காவலுக்குப் போட்டு, திருடன் வரவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்ட கதை. சி.எஸ்.இ. கத்திய பிறகுதான் விதி திருந்தியது. 2004 ஜனவரி முதல் எந்த ஒரு பூச்சிமருந்தும் லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம், எல்லாம் சேர்த்து 0.0005 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்று ஆனது.

"அதான் விதி வந்துடுச்சே, அப்புறம் என்ன?" என்பீர்கள். விதி வந்தது. அந்தக் கல்யாண பாட்டிலுக்கு அது தெரியுமா? அத்தை வீட்டுக் கேனுக்குத் தெரியுமா? டெல்டாவில் நாம் என்ன யோக்கியம்? குறுவை, சம்பா, தாளடி என்று மாறி மாறி மருந்து அடித்த மண் இது. அந்த மண்ணுக்குள் போர் இறக்கி எடுக்கிற தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை அந்த ஊர்த் தண்ணீரைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். சோதித்தவர் யார், ரிப்போர்ட் எங்கே என்பதுதான் என் கேள்வி. பதில் செல்போன் நம்பர்.

மூன்றாவது, கண்காணிப்பு. 2001 மார்ச் 29 முதல் பாட்டில் தண்ணீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபரில் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள். அடுத்த மாதமே, உணவுப் பாதுகாப்புத் துறையான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., பாட்டில் தண்ணீரை 'அதிக அபாயமுள்ள உணவு' பட்டியலில் சேர்த்தது. அதாவது வருஷா வருஷம் ஆலையை ஆய்வு செய்ய வேண்டிய பட்டியல். இதை நான் சொல்லவில்லை. அரசாங்கமே சொல்கிறது, இது அபாயமுள்ள பண்டம் என்று. நாம்தான் குழந்தையின் ஸ்கூல் பைக்குள் வைத்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்.

நம் மாநிலத்தில் 2020-ன் தொடக்கத்தில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? உரிமம் இல்லாமல் நிலத்தடி நீரை உறிஞ்சும் தண்ணீர் ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அதிகாரிகள் சீல் வைக்கக் கிளம்பினார்கள். உற்பத்தியாளர்கள் ஸ்டிரைக் என்றார்கள். உடனே நகரங்களில் என்ன பேச்சு? "ஐயையோ, கேன் வராதா?" என்பதுதான். "அப்போ இத்தனை நாளா லைசென்ஸ் இல்லாத தண்ணியையா குடிச்சோம்?" என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

நம் ஊர்க்காரன் மட்டும்தான் திருடன் என்று சொல்லவில்லை. 1990-ல் பிரான்ஸின் பெரியே தண்ணீரில் பென்சீன் இருப்பதை அமெரிக்காவில் ஒரு லேப் கண்டுபிடிக்க, உலகம் முழுக்க 16 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். 2004-ல் கோகோ கோலா கம்பெனி 'தாசானி' என்ற தண்ணீரை இங்கிலாந்தில் இறக்கியது. லண்டன் பக்கத்தில் சிட்கப் என்ற இடத்துக் குழாய்த் தண்ணீரைத்தான் சுத்திகரித்து அடைத்து விற்கிறார்கள் என்பது வெளியே வந்து ஊரே சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் இன்னொன்று. அதில் புரோமேட் என்ற, புற்றுநோய்ச் சந்தேகமுள்ள ரசாயனம் அளவுக்கு மேல் இருந்தது. எப்படி வந்தது? அவர்கள் சேர்த்த கால்சியம் உப்பில் இருந்த புரோமைடு, சுத்தப்படுத்த விட்ட ஓசோனோடு சேர்ந்து புரோமேட் ஆகிவிட்டது. குழாயில் ஒழுங்காக வந்த தண்ணீரை, சுத்தம் செய்யப்போய்க் கெடுத்தார்கள். சுமார் ஐந்து லட்சம் பாட்டில்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். 2024-ல் நெஸ்லே நிறுவனம், பிரான்ஸில் இயற்கை மினரல் வாட்டர் என்று விற்றதற்கே தடை செய்யப்பட்ட சுத்திகரிப்பு முறைகளைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டு, 20 லட்சம் யூரோ கட்டியது. சட்டமும் லேபும் பத்திரிகையும் விழித்திருக்கிற நாட்டிலேயே இந்தக் கதி.

நான்காவது, பாட்டிலே! 2018-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று இந்தியா உட்பட 9 நாடுகளில் வாங்கிய 259 பாட்டில்களைச் சோதித்தது. நூற்றுக்கு 93-ல் பிளாஸ்டிக் துணுக்குகள். அதில் ஒரு பங்கு மூடியிலிருந்தே வந்திருக்கலாம் என்றார்கள். நீங்கள் 'டிக்' என்று திருகுகிறீர்களே, அந்த மூடி! 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 துணுக்குகள். பத்தில் ஒன்பது, நானோ அளவில். இவை உடம்பை என்ன செய்யும் என்பதற்கு இன்னும் முடிவான ஆதாரம் இல்லை, ஆராய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஆகவே, 'பாட்டில் குடித்தால் செத்துப்போவீர்கள்' என்று பயமுறுத்த மாட்டேன். பயம் விற்பது அந்த டை கட்டிய பையனின் வேலை. நான் கேட்பது இவ்வளவுதான். சுத்தம் என்று சொல்லித்தானே காசு வாங்கினார்கள்?

கேன் விஷயம் தனி. இருபது லிட்டர் கேன்களில் பல பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அது பி.பி.ஏ. என்ற பிஸ்பீனால் சமாசாரத்தால் ஆனது. ஹார்மோனோடு விளையாடக்கூடியது. பழசாகி, கீறல் விழுந்து, சூடு பட்டால் அது அதிகமாகக் கசியும். 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கான பாதுகாப்பு அளவை ஒரே அடியாக 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவு படும் பொருட்களில் அதற்குத் தடை போட்டது. நம் ஊரில் அந்தக் கேன் சித்திரை வெயிலில் மினி லாரியின் மேல் அடுக்கி வருகிறது. கடை வாசலில் வெயிலில் காய்கிறது. கீறலே இல்லாத ஒரு கேன் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை வந்தால் மூக்கைப் பொத்துகிறோம். அந்த வாடைதான் காவல்காரன். குழாய் முனைவரை கொஞ்சம் குளோரின், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது, மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. வழியில் கிருமி நுழைந்தால் அது பார்த்துக்கொள்ளும். கேன் தண்ணீரில் அந்தக் காவல் கிடையாது. ஓசோன் சீக்கிரமே போய்விடும். மூடியைத் திறந்து, ஸ்டாண்டில் கவிழ்த்து, மாதக்கணக்கில் கழுவாத அந்தக் குட்டிக் குழாயில் பிடித்து இரண்டு மூன்று நாள் குடிக்கிறோமே, அந்த நாட்களில் உள்ளே போகிற கிருமிக்குத் தட்டிக் கேட்க ஆளில்லை.

"அப்போ குழாய்த் தண்ணீர் அமிர்தமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி.

இல்லை. அமிர்தம் இல்லை. சாக்கடை ஓரமாகக் குழாய் போகிறது. விரிசல் விடுகிறது. தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில் வெளி அழுக்கை உள்ளே இழுக்கிறது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவியது எப்போது என்று கேட்டால் விழிக்கிறார்கள். காவிரியிலேயே ஈரோடு, திருப்பூர்ச் சாயமும் கலந்த சரித்திரம் உண்டு. நொய்யலை நாசம் செய்த திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றமே 2011-ல் உத்தரவு போட வேண்டியிருந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் பூச்சிமருந்தோ, நைட்ரேட்டோ, உப்போ போகாது. எல்லாம் தெரிந்துதான் பேசுகிறேன்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. குழாய்த் தண்ணீருக்கு ஒரு முகவரி இருக்கிறது. பேரூராட்சி இருக்கிறது. செயல் அலுவலர் இருக்கிறார். கவுன்சிலர் இருக்கிறார், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நம் வாசலுக்கு வந்தாக வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கேனுக்குப் பின்னால் யார்? 'சுவிட்ச் ஆஃப்' ஆகக்கூடிய ஒரு செல்போன்.

என் உண்மையான கோபம் கேன்காரர் மேல்கூட இல்லை. நம் மேல்தான். ஒரு தெருவில் ஆசிரியர், வக்கீல், டாக்டர், ரிட்டயர்டு தாசில்தார், பேங்க் மேனேஜர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். முன்பெல்லாம் குழாயில் கலங்கலாக வந்தால் இவர்கள்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசில் போய்ச் சத்தம் போடுவார்கள். மனு எழுதுவார்கள். பேப்பருக்கு எழுதுவார்கள். அதிகாரிக்கு அவர்களைக் கண்டால் கொஞ்சம் பயம். இன்று அத்தனை பேர் வீட்டிலும் கேன். குழாயில் என்ன வந்தால் அவர்களுக்கென்ன? மிச்சம் இருப்பவர் யார்? நடவுக்குப் போகிற அம்மா, கொத்து வேலைக்குப் போகிறவர், கீற்றுக் கொட்டகைக்காரர். அவர் போய்க் கேட்டால் ஆபீசில் நாற்காலி போடுவார்களா? அரசாங்கத்துக்கும் இது சௌகரியம். சத்தம் போடத் தெரிந்தவன் எல்லாம் 35 ரூபாய் கொடுத்து வாயை மூடிக்கொண்டான். நம் கேன், பக்கத்து வீட்டுக் குழாயைக் கெடுக்கிறது சார்!

அரசாங்கமே பாட்டில் விற்ற காலமும் உண்டு. 2013 செப்டம்பர் 15 அன்று 'அம்மா குடிநீர்' வந்தது. லிட்டர் பத்து ரூபாய். பஸ் ஸ்டாண்டில் வரிசையில் நின்று வாங்கினோம், வாழ்த்தினோம். நல்ல விலைதான். ஆனால் ஒரு கேள்வி தோன்றவில்லையே நமக்கு? அந்த பஸ் ஸ்டாண்டில் ஒரு நல்ல குடிநீர்க் குழாயை இலவசமாக வைப்பதுதானே அரசாங்கத்தின் வேலை? சில வருஷங்களில் பாட்டில் கண்ணிலிருந்து மறைந்தது. குழாய் அப்போதும் வரவில்லை.

அந்தக் கல்யாண வீட்டிலேயே ஒரு விவசாயி உறவுக்காரர் ஒரு கணக்குச் சொன்னார். 2025-26 சீசனில் அரசு கொள்முதல் விலை, சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். கிலோ 25. கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அப்போது சுமார் 20 ரூபாய். "ஒரு கிலோ அரிசி வெளைய ரெண்டாயிரம், மூவாயிரம் லிட்டர் தண்ணி வேணும்னு அக்ரி ஆபீசர் சொல்றார். அந்தத் தண்ணியையே பாட்டில்ல புடிச்சு வித்திருந்தா நான் இந்நேரம் கோடீஸ்வரன்!" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிப்பு மட்டும் சீக்கிரம் நின்றுவிட்டது. தண்ணீரை நெல்லாக்குகிறவனுக்குக் கிடைப்பதும், அதை பிளாஸ்டிக்கில் அடைக்கிறவனுக்குக் கிடைப்பதும் கிட்டத்தட்ட ஒன்று. அதிலும் அவன் ஒரு லிட்டர் அடைக்க இன்னும் கொஞ்சம் தண்ணீரைக் கழிவாகத் தள்ளுகிறான். கீழே இருப்பது அந்த விவசாயியின் நிலத்தடி நீர்தான்.

சரி, என்னதான் செய்வது? திட்டிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.

வெளியூர்ப் பயணத்தில் பாட்டில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வாங்குங்கள். ஆனால் திருப்பிப் பாருங்கள். தேதி, பேட்ச் நம்பர், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க லைசென்ஸ் எண், தயாரித்தவர் விலாசம். ஒன்று இல்லாவிட்டாலும் திருப்பிக் கொடுங்கள். ஒரே நாளில் நாலு பேர் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் தானே மாற்றுவார். வெயிலில் காய்கிற பாட்டில், கேன் வேண்டாம். குடித்து முடித்ததும் பாட்டிலை நசுக்கிப் போடுங்கள்.

டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்து "நாற்பதுதான் காட்டுது, சூப்பர் தண்ணி" என்று ஏமாறாதீர்கள். அது கரைந்த உப்பை மட்டும் காட்டும். கிருமியைக் காட்டாது. பூச்சிமருந்தைக் காட்டாது.

வீட்டுக் குழாய்த் தண்ணீரை வடிகட்டி, நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். கிருமிக்கு அது போதும். மற்றதற்கு, தெருவில் பத்துப் பேர் சேர்ந்து குடிநீர் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் சாம்பிள் கொடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் அதை உங்கள் வார்டு டீக்கடை போர்டில் ஒட்டுங்கள். மோசமாக இருந்தால் அதே காகிதத்தோடு பேரூராட்சிக்குப் போங்கள். அத்தனை பேரும் போங்கள். ரிட்டயர்டு தாசில்தாரையும் இழுத்துக்கொண்டு போங்கள். கிராமசபையில் முதல் கேள்வியாக மேல்நிலைத் தொட்டி கழுவிய தேதியைக் கேளுங்கள்.

கல்யாணம் வைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீர்வரிசைக்கு அண்டாவும் தவலையும் குடமும் வாங்குகிறீர்கள். கொதிக்க வைத்த சீரகத் தண்ணீரை அந்த அண்டாவில் நிரப்பி, செம்பில் எடுத்து டம்ளரில் ஊற்றச் சொல்லுங்கள். 'இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?' என்று கேட்டுக்கொண்டு வருகிற மனிதர் பந்திக்குத் திரும்பி வரட்டும்.

கிளம்பும்போது அத்தை குழாயடியில் நின்றிருந்தார். ஒரு பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "கொதிக்க வெச்சுக் குடிச்சுப் பாக்கறேன் தம்பி. ஆனா பஞ்சாயத்து ஆபீசுக்கு நான் தனியாப் போவ மாட்டேன். நீயும் வரணும்" என்றார். அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போக வேண்டும்.

அந்தச் சேர ராஜா, தனக்குத் தண்ணீர் கொடுத்தவர்களைக் கேள்வி கேட்டான், உயிரை விலையாகக் கொடுத்து. நமக்கு அவ்வளவு பெரிய விலை எல்லாம் இல்லை. மூடியைத் திருகும் முன் பாட்டிலை ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். குழாயைத் திறந்தபின் பேரூராட்சி வாசல்வரை ஒருமுறை நடக்க வேண்டும். நீங்கள் கடைசியாக அந்த ஆபீசுக்குப் போய்த் தண்ணீரைப் பற்றிக் கேட்டது எப்போது?